கொடியில் கிடந்த வாக்கியம்

கொரேரா காம்பவுண்டில் தண்ணீர் வருகிற நாளில் சாமிக்கும் வேலை வந்துவிடும். உப்பளத்துக் காற்று அடிக்கும் அந்தத் துறைமுக ஊரில் தண்ணீர் நினைத்தபோது வரும், நினைத்தபோது நின்றுபோகும், வரும்போதும் தையல் நூல் கனத்தில்தான் வரும் என்பதால், சுற்றிலும் வீடுகள் இருக்க நடுமுற்றத்தில் நின்ற ஒற்றைக் குழாயடியில் ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு தெய்வத்தை விசாரித்து முடித்துவிடலாம், வரிசையிலிருக்கிற குடமெல்லாம் நிறைவதற்குள் எல்லாத் தெய்வங்களையும் ஒரு சுற்று விசாரித்துவிடலாம் என்று அங்கே குடியிருந்தவர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

அந்த விசாரணையில் நாலு பேர் முக்கியம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பன், தன் நெற்றிக்குத் திருநீறு பூசும்போதே தன் குடத்துக்கும் பூசிவிட்டு வருகிறவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அறிவழகன் அண்ணாச்சி, சாமி இல்லை என்பதைச் சாமி கும்பிடுகிறவர்களின் அதே ஒழுங்கோடு வேளை தவறாமல் சொல்கிறவர். வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த மைமூன், பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டே பதில் சொல்லத் தெரிந்தவள். நாலாவது ஜெசிந்தா. அவள் கணவன் கப்பலில் வேலைக்குப் போய் ஆண்டில் பாதிக்கு மேல் கடலிலேயே இருந்தான். அவள் அன்சிலா என்கிற தன் கைப்பிள்ளையோடு மைமூன் வீட்டை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அங்கே தமிழுக்கு வாங்கிய பரிசுக் கிண்ணங்களை மாதா படத்துக்குக் கீழே வரிசையாக வைத்து, அவற்றையும் மாதாவையும் ஒரே துணியால் துடைப்பவள்.

அவர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று இருந்தது. கடவுளை அவன் என்பதா, அவர் என்பதா?

"பள்ளிக்கூடத்துல டீச்சரையே அவங்கன்னு சொல்லுதோம். உலகத்தப் படைச்சவர அவன் இவன்னா கூப்பிடுறது? மரியாதைப் பன்மைன்னு ஒண்ணு பெறகு எதுக்கு இருக்கு?" என்பாள் ஜெசிந்தா.

"பெத்த தாய நீ, வா, போன்னுதான தாயி கூப்பிடுதோம்," என்பார் ஆவுடையப்பன். "அவர்னு சொன்னா எனக்குப் போஸ்ட்மாஸ்டர் ஞாபகம்தான் வருது. அவன்னு சொன்னாத்தான் பக்கத்துல வந்து உக்காருதான்."

"இல்லாததுக்கு என்னத்துக்குய்யா ஆண்பாலும் பலர்பாலும்?" என்பார் அறிவழகன் அண்ணாச்சி. "அதுன்னு சொல்லிட்டுக் குடத்த நவுத்துங்க."

வழக்கு ஒருநாளும் தீர்ந்ததில்லை. தீர்ந்துவிட்டால் தண்ணீர் வருகிற நாளில் பிறகு என்னதான் செய்வது என்ற பயம் எல்லோருக்கும் உள்ளுக்குள் இருந்தது.

ஜெசிந்தாவின் பயம் வேறு. நடக்கத் தொடங்கி வெகுநாளாகியும் அன்சிலாவின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை, பிள்ளை அழ ஆரம்பித்தால் முதல் அழுகையிலேயே மூச்சை உள்ளே இழுத்து, இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். வாய் திறந்திருக்கும், சத்தம் இருக்காது, உதடு நாவற்பழமாய்க் கறுக்கும், கண் மேலே செருகும். டாக்டர் பார்த்துவிட்டு, வளர வளரச் சரியாகிவிடும், பயப்படாதீர்கள் என்றார்; பயப்படாமல் இருப்பதற்கு மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை. பிள்ளைக்கு மூச்சு நிற்கும்போது தாய்க்கும் சேர்ந்து நின்றுவிடும், கை காலெல்லாம் விறைத்து அவள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பாள். மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையின் முகத்தில் ஓங்கி ஒரு ஊது ஊதுவது மைமூன்தான். நெருப்புக் கங்கில் ஊதினாற்போல் பிள்ளையின் முகம் சட்டென்று சிவந்து, அடைத்திருந்த அழுகை வெளியே வந்து விழும். அந்தி சாயத் தொழுது முடித்துப் பாயிலிருந்து எழுந்திருக்குமுன்னும் மைமூன் ஏதோ ஓதிப் பிள்ளையின் உச்சியில் மெல்ல ஒருமுறை ஊதுவாள். பிள்ளையும் அந்த நேரத்துக்குத் தவறாமல் போய்ப் பாயின் ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் மத்தியானம் ஜெசிந்தாவின் மாமியார் போனில் வந்தாள். "பேச்சும் வரல, மூச்சும் நிக்குதுன்னு சொல்லுதாக. யார் யார் மடியிலயோ பிள்ளையப் போட்டுட்டு நீ கொழாயடில இலக்கணம் பேசு. எவ வாய்க்காத்து பட்டிச்சோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் தண்ணீர் வந்தது.

ஜெசிந்தா என்றைக்குமில்லாத சூட்டோடு வாதாடினாள். மைமூன் வழக்கம்போல ஊசியைக் கடித்தபடி சொன்னாள்: "பன்மை போட்டா பலபேரு ஆயிரும்லா பிள்ள. ஒத்தையா இருக்கவன ஒத்தையாத்தான கூப்பிடணும்? ஒன் வீட்டுக்காரரு கப்பல்ல இருந்து வந்தா, அவங்க வந்துட்டாங்க அவங்க வந்துட்டாங்கன்னு ஓடுத. எத்தன பேரு வாராக வீட்டுக்கு?"

குழாயடி மொத்தமும் சிரித்தது. ஆவுடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மைமூனும் வேண்டுமென்று சொல்லவில்லை, வாய்க்கு வந்தது, சொன்னாள். ஆனால் ஆண் துணையில்லாத வீட்டில் கைப்பிள்ளையோடு கதவை இரண்டு தாழ் போட்டுப் படுக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தச் சிரிப்பு எங்கே போய்க் குத்தும் என்று சிரித்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கோபம் வந்தால் ஜெசிந்தாவுக்குப் பேச்சுத்தமிழ் போய்விடும். மேடையில் ஒப்புவிக்கிற பிள்ளைபோல நிமிர்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் கழுவி வைத்ததுபோல் சொன்னாள்:

"இனிமேல் உங்கள் வாய்க்காற்று என் பிள்ளையின் மேல் படக்கூடாது."

யாராலும் ஒரு பிழை சொல்ல முடியாத வாக்கியம். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மைமூன் ஊசியை வாயிலிருந்து எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டு, பாதி நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வெயில் ஏறிக் கடற்காற்று காம்பவுண்டுக்குள் நுழைந்த நேரத்தில், முற்றத்தின் குறுக்கே கட்டியிருந்த துணிக்கொடியில், அன்சிலாவின் கவுனுக்கும் ஆவுடையப்பனின் வேட்டிக்கும் நடுவே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, அந்த வாக்கியம் பேசியது. ஜெசிந்தாவின் குரலிலேயே, ஓர் எழுத்து குறையாமல், காற்று ஒருமுறை அடித்தால் ஒருமுறை, பலமாக அடித்தால் உரக்க, ஓய்ந்தால் வாய்க்குள். துணி காயப்போட வந்த பெண்கள் ஜெசிந்தாவின் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

முதல் வாரம் அதை இறக்கப் பார்த்தார்கள். கொடியை அவிழ்த்து வேறு கயிறு கட்டினார்கள். வாக்கியம் புதுக் கயிற்றில் வந்து உட்கார்ந்தது. கம்பளியைப் போட்டு மூடினார்கள். கம்பளிக்குள்ளிருந்து காய்ச்சல்காரக் குரலில் பேசியது. மழை பெய்தால் ஜலதோஷம் பிடித்த குரலில் பேசியது. அறிவழகன் அண்ணாச்சி சுவரையெல்லாம் தட்டிப் பார்த்து, இது எதிரொலி, கட்டடத்தின் கோளாறு, இதில் அதிசயம் ஏதுமில்லை என்று நிரூபித்தார். ஆவுடையப்பன் அந்த இடத்துக்குத் திருநீறு பூசப் போய், பூச இடம் கிடைக்காமல் தன் கையிலேயே பூசிக்கொண்டார். கோயில் பாதரும் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். வாக்கியம் நனைந்தது, அவ்வளவுதான். பிறகு குழாயடியில் அதையே வைத்து வழக்கு நடந்தது. கூடாது என்பதில் இருப்பது கட்டளையா, வேண்டுதலா, சொன்னவர் போன பிறகும் வாக்கியத்துக்கு எழுவாய் அவர்தானா, ஏசப்பா சொன்னதையே மதிக்காத ஊரில் இதை யார் மதிக்கப் போகிறார்கள் என்றெல்லாம் பேசினார்கள். ஜெசிந்தா மட்டும் தன் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியும். யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்டவர்கள், நல்ல சுத்தமான உச்சரிப்பு என்று மெச்சினார்கள். அதைவிட ஓங்கி அவளை யாரும் அறைந்திருக்க முடியாது.

அதன் பிறகு, எல்லாம் பழகிப்போவதுபோல் அதுவும் பழகிப்போனது. கடற்காற்று வந்ததா வரவில்லையா என்று பார்க்க அதைவிட வசதியானது இல்லையென்று கண்டுபிடித்தார்கள். "ஜெசிந்தா ஆரம்பிச்சிட்டா, சன்னலத் தொறங்கட்டி" என்று பெண்கள் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்கள். வள்ளத்துக்காரர்கள் தெருவிலேயே நின்று, இன்றைக்கு என்ன உரப்பில் பேசுகிறது என்று காதைக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனார்கள். வத்தல் போடுகிறவர்கள் அதைக் கேட்டுத் துணியை இழுத்துவிட்டார்கள். இப்படியாக அந்த வாக்கியத்தின் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, வெறும் காற்றுகாட்டியாக ஆகிவிட்டது, இரண்டு பேருக்குத் தவிர.

ஒருத்தி ஜெசிந்தா. இன்னொருத்தி மைமூன். மைமூன் சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஜெசிந்தா சொன்னபடி நடந்தாள், அவ்வளவுதான். பிள்ளை எதிரே வந்தால் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், வாயைப் பொத்தி, மூச்சைப் பிடித்து, கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பியபடி மற்ற கையால் தலையைத் தடவி அனுப்பினாள். நோன்பு மாதம் வந்தபோது எப்போதும்போலக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள், முன்பானால் ஒவ்வொரு கரண்டியாக ஊதி ஊதித் தானே புகட்டுவாள், இப்போது வாசல்படியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "சூடா இருக்கு. ஆற வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தியில் பிள்ளை பழக்கம் மறக்காமல் பாயின் ஓரத்தில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தது. மைமூன் ஓதி முடித்து, கையால் வாயைப் பொத்தி, எழுந்து உள்ளே போய்விட்டாள். பிள்ளை குனிந்த தலையோடு வெகுநேரம் அங்கேயே காத்திருந்ததை ஜெசிந்தா தன் வாசலிலிருந்து பார்த்தாள்.

அதன் பிறகு பிள்ளைக்குக் கொடியடிதான் இருப்பிடமானது. காற்று வந்தால் அது ஓடிப்போய்க் கொடிக்குக் கீழே அண்ணாந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மாவின் குரல்தானே, தாலாட்டைக் கேட்கிறதுபோல, கால் விரல்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டு கேட்கும். ஒருநாள் அதன் உதடு வாக்கியத்தோடு கூடவே அசைவதை ஜெசிந்தா கண்டாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அம்மா என்றும் தண்ணி என்றும் வாயைத் திறக்க, தன் பிள்ளை முதல் முதலில் வாயைத் திறக்கும்போது எதைச் சொல்லப் போகிறது என்று நினைத்த அந்த நொடியிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கொடியடியில் நின்று வேறு வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தாள். நிலா என்றாள், காக்கா என்றாள், அருள்நிறை மரியே ஜெபம் சொன்னாள், வாய்ப்பாடு சொன்னாள். எல்லாம் காற்றோடு போயின. ஒன்றும் கொடியில் தங்கவில்லை.

மனதில் எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்துகொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைமூன் வீட்டு வாசலுக்கும் போனாள்.

"அன்று நான் கூறியது தவறு. தயவுசெய்து என்னை மன்னித்துவிடுங்கள்."

மைமூன் மெஷினை நிறுத்தினாள். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தப்பென்ன இருக்கு. எனக்கும் அன்னைக்கு வாய் நீண்டுட்டு. நீ அத மனசுல வைக்காத," என்று துணிக்குள்ளிருந்தே சொன்னாள்.

மன்னிப்புக் கிடைத்துவிட்டது. ஆனால் மைமூன் கையை எடுக்கவில்லை. ஏனென்றால் ஜெசிந்தா மன்னிப்பைத்தான் கேட்டாள், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவளுக்கே அது தெரிந்தது. சொன்னதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், மாமியார் சொன்னது ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால் என்று மனதின் ஒரு மூலையில் ஒரு பயம் குந்திக்கொண்டிருந்தது, அந்தப் பயம் இருக்கிறதே என்று இன்னும் வெட்கமாக இருந்தது. பரிசுக் கிண்ணங்களை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ஆடி மாதம், பேய்க்காற்று. கொடியில் வாக்கியம் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் தண்ணீர் வந்தது. எல்லோரும் குழாயடியில் இருந்தார்கள். கொடியடியிலிருந்து எழுந்து வந்த அன்சிலா பாசியில் வழுக்கி, அறிவழகன் அண்ணாச்சியின் எவர்சில்வர் குடத்தின் விளிம்பில் நெற்றி மோத விழுந்தது. அழுவதற்கு வாயைத் திறந்தது. மூச்சு உள்ளே போனது. போனது திரும்பவில்லை.

ஜெசிந்தா பிள்ளையை மடியில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். உதடு கறுத்தது. கண் செருகியது. எப்போதும் நிற்கிற நேரத்தைத் தாண்டியும் நின்றது. அவள் ஊதப் பார்த்தாள். வாய் உலர்ந்து, உதடு குவியாமல், நெஞ்சில் காற்றே இல்லாமல், ஒன்றும் வரவில்லை. தலையைத் தூக்கி, "ஏசுவே, எங்க போய்த் தொலஞ்ச நீ? பாத்துட்டா நிக்க?" என்று கத்தினாள். குழாயடியில் இருந்த ஒருவரும் அந்த 'நீ'யைப் பிடித்துக்கொண்டு பேச வரவில்லை.

மைமூன் ஓடிவந்தாள். ஓடிவந்து, ஒரு கை தூரத்தில், கட்டிப் போட்டதுபோல் நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் விரல் மேல் வழிந்தது. தலைக்கு மேலே வாக்கியம் பேசிக்கொண்டே இருந்தது, இனிமேல் உங்கள் வாய்க்காற்று, இனிமேல் உங்கள் வாய்க்காற்று.

"ஊதுங்க," என்றாள் ஜெசிந்தா. கொடியிலிருந்த அவள் குரல் கீழே தரையிலிருந்த அவள் குரலை அமுக்கிவிட்டது. மைமூனுக்குக் கேட்கவில்லை.

"ஊதுங்கக்கா!"

காற்று இன்னும் ஓங்கியது. படக்கூடாது, படக்கூடாது என்று முற்றம் முழுக்க அடித்தது. அப்போது ஜெசிந்தா, தன் குரலையே எதிர்த்து, அடிவயிற்றிலிருந்து, சந்தைக்கடையில் கத்துகிறவளைப்போல, படித்ததெல்லாம் அவிழ்ந்துபோன வாயால் கத்தினாள்:

"ஏட்டி மைமூனு! ஊதுட்டி! ஒன் வாய்க்காத்துதான்டி எம்பிள்ளைக்கு வேணும், ஊது!"

மைமூன் கையை எடுத்தாள். முழங்கால் குத்தி விழுந்து, இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, பிள்ளையின் முகத்தில் ஊதினாள். மறுபடி ஊதினாள். ஊதியதில் அவள் முக்காடு பறந்து தோளில் விழுந்தது. பிள்ளையின் நெற்றி சிவந்தது, கன்னம் சிவந்தது, பிறகு அழுகை வந்தது, காம்பவுண்டின் ஓடெல்லாம் அதிர்கிற அழுகை. அது ஓய்ந்தபோதுதான் கொடியில் சத்தமில்லை என்பதைக் கவனித்தார்கள். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆவுடையப்பனின் வேட்டி படபடத்தது. வேறொன்றும் இல்லை.

காற்றைத் தெரிந்துகொள்ள வழியில்லையென்று கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு ஆவுடையப்பன் பழைய தகரத் தட்டு ஒன்றைக் கொடியில் கட்டிவிட்டார், அது போதுமாக இருந்தது. எதிரொலி என்றால் ஒருநாள் தேயத்தானே செய்யும் என்றார் அறிவழகன் அண்ணாச்சி. குழாயடியில் அவனா அவரா வழக்கு மறுபடி தொடங்கியது. ஜெசிந்தா குடத்தை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள், மைமூன் கேலியாக இழுத்தால் மட்டும் சிரித்தாள். பிள்ளை அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொள்ளவில்லை என்று அவள் தினமும் நன்றி சொன்னாள்.

அது வாக்கியத்தைக் கற்றுக்கொள்ளவில்லைதான். ஒருநாள் அந்தியில், மைமூன் வீட்டுப் பாயில் அவளும் ஜெசிந்தாவும் உட்கார்ந்திருக்க, ஜெசிந்தா கையை நீட்டி, "அம்மாவுக்கு முத்தம் தா" என்று கேட்டாள். பிள்ளை ஆசையாக ஓடிவந்தது. வந்து, ஒரு கை தூரத்தில் நின்றது. கவுனின் ஓரத்தைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பி, மற்ற கையால் தாயின் தலையைத் தடவியது. பிரியமானவர்களிடம் அப்படித்தான் வர வேண்டும் என்று அது படித்துவைத்திருந்தது.

மைமூன் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஜெசிந்தா அழவில்லை, அழுவதற்கும் தனக்குப் பாத்தியதை இல்லையென்று நினைத்தாள். அவள் குனிந்து, தலையைத் தாழ்த்தி, பிள்ளை அந்தப் பாயில் எப்படி உட்காருமோ அப்படி உட்கார்ந்து, உச்சியைப் பிள்ளையின் பக்கம் காட்டிக் காத்திருந்தாள். அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வந்து அதே பாயில் தலையைக் குனிந்தாள், அதற்கு மறுநாளும். மைமூன் ஓதி முடித்துப் பிள்ளையின் உச்சியில் ஊதுவாள். பிள்ளை தாயைப் பார்க்கும், வாயைப் பொத்திக்கொள்ளும். தாய் குனிந்தபடியே இருப்பாள்.

ஒரு சாயங்காலம், பொத்தியிருந்த சின்ன விரல்களுக்கு நடுவிலிருந்து, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வருவதுபோல, கொஞ்சமாகக் காற்று வந்து தாயின் உச்சியில் பட்டது.